வெண்மணல் விளையும் ஆலை

ஜெர்மனியின் வடக்கே, ஹாம்பர்க் துறைமுகத்துக்கும் வடகடலுக்கும் நடுவில், எல்பே ஆற்றின் தென்கரையில் ஷ்டாடே என்ற ஊர் இருக்கிறது. அதன் பூட்ஸ்ஃபிளெத் பகுதியில் 1973 முதல் இயங்கிவரும் ஆலையின் பெயர் அலுமினியம் ஆக்சிட் ஷ்டாடே. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலிருந்து கப்பலில் வரும் செந்நிறப் பாக்சைட் இங்கே இறங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் அலுமினா வெள்ளைத் தூளாக வெளியே போகிறது. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் பெரிய ஆலை என்று ஜெர்மனியில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

பள்ளிப் பாடத்தில் இந்தத் தொழில் ஒரே வரியில் முடிந்துவிடும். பாக்சைட்டை எரிசோடாக் கரைசலில் கரைத்து, அழுக்கை வடிகட்டி, அலுமினாவைப் பிரித்தெடுக்கிறார்கள். வரியில் பிழையில்லை, ஆனால் தொழிலின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பது அதில் தெரியாது. ஷ்டாடேயில் பாக்சைட் கரைவதற்குச் சில நிமிடங்கள் போதும். கரைந்ததை மறுபடி படிகமாக வளர்த்தெடுக்கத்தான் நாள்கணக்கில் ஆகிறது. ஆலையின் மிகப் பெரிய தொட்டிகள், மிக அதிகமான காத்திருப்பு, மிக அதிகமான கவலை எல்லாம் அந்த இடத்தில்தான். கினி நாட்டுக் குன்றின் மேல்மண்ணில் மட்கிப்போன இலையும் வேரும் அந்தத் தொட்டிகளுக்குள் வந்து சேர்ந்து, படிகம் எவ்வளவு பெரிதாக வளரலாம், எவ்வளவு உறுதியாக இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இந்த முறையைக் கண்டவர் கார்ல் யோசப் பாயர். அதே பெயருள்ள மருந்துக் கம்பெனிக்கும் இவருக்கும் தொடர்பில்லை. ஆஸ்திரியப் பேரரசில் இருந்த, இன்று போலந்தில் உள்ள பீலிட்ஸ் நகரில் 1847-இல் பிறந்தார். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் புன்சனிடம் பயின்று, 1871-இல் இண்டியம் என்ற தனிமத்தைப் பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். பிறகு ரஷ்யாவுக்குப் போய், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்தில் இருந்த டென்டலெவ் வேதிப்பொருள் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆலைக்கு அலுமினிய ஹைட்ராக்சைடு தேவைப்பட்டது உலோகம் செய்வதற்கு அல்ல. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வைப்பதற்கு. நம்மூர்ச் சாயப்பட்டறைகளில் படிகாரம் செய்துவந்த வேலை அது.

அதுவரை வழக்கிலிருந்த முறையில், அலுமினியம் கரைந்த காரக் கரைசலுக்குள் கரியமிலவாயுவைச் செலுத்தி ஹைட்ராக்சைடை வீழ்படிவாக்குவார்கள். கிடைப்பது பெரும்பாலும் கூழ். கூழை வடிகட்டுவதும் கழுவுவதும் பெரும்பாடு. 1887-இல் பாயர் வேறொன்றைக் கண்டார். புதிதாக உண்டான அலுமினிய ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் வித்தாகப் போட்டு, கரைசலை ஆறவிட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால், வாயு எதுவும் இல்லாமல் ஹைட்ராக்சைடு தானாகவே பிரிந்து வருகிறது. கூழாக அல்ல, கழுவினால் சுத்தமாகிற படிகமாக. ஐந்து ஆண்டு கழித்து, 1892-இல், பாக்சைட்டை நேரடியாக எரிசோடாவில் அழுத்தக் கலத்தில் வைத்துக் கரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டையும் சேர்த்துப் பாயர் முறை என்கிறோம். உலகில் இன்று அலுமினியத் தொழிலுக்குப் போகும் அலுமினாவில் பெரும்பகுதி இந்த வழியில்தான் வருகிறது. இரண்டில் எது பெரிய கண்டுபிடிப்பு என்று கேட்டால், வித்திடும் முறைதான் என்பேன். கரைக்கும் வழியைப் பிற்காலத்தார் பலவாறு மாற்றியிருக்கிறார்கள். வித்துப் போட்டு வளர்ப்பதை யாராலும் மாற்ற முடியவில்லை.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். சுமார் 30 மீட்டர் உயரம், ஆயிரக்கணக்கான கன மீட்டர் கொள்ளளவு. இப்படிப்பட்ட தொட்டிகள் வரிசையாக நிற்கும். தெளிந்த கரைசல் சுமார் 70 முதல் 75 டிகிரி சூட்டில் முதல் தொட்டிக்குள் நுழைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிந்தோடி, கடைசித் தொட்டிக்கு வரும்போது 55 டிகிரி அளவுக்கு ஆறியிருக்கும். சூடு குறையக் குறைய, கரைசலில் இருக்கத்தக்க அளவைவிட அதிக அலுமினியம் கரைந்து கிடக்கிறது. இதுதான் அதிதெவிட்டிய நிலை. அந்த மிகைதான் படிகத்தை வளர்க்கிறது. கூடவே வித்தும் போடுகிறார்கள், அதுவும் கைப்பிடி கணக்கில் அல்ல. புதிதாக எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் பல டன் பழைய படிகம் வித்தாக உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு செய்தும், கரைந்திருந்த அலுமினாவில் ஏறக்குறைய பாதிதான் படிகிறது. லிட்டருக்கு 70 முதல் 90 கிராம் கிடைத்தால் நல்ல விளைச்சல். மீதி, கரைசலோடு சேர்ந்து அடுத்த சுற்றுக்குத் திரும்பிவிடும்.

ஏன் இத்தனை மந்தம்? கரைசலில் ஒவ்வோர் அலுமினிய அயனியையும் நான்கு ஹைட்ராக்சில் தொகுதிகள் சூழ்ந்திருக்கின்றன. கிப்சைட் என்ற அலுமினிய ஹைட்ராக்சைடுப் படிகத்துக்குள் ஒவ்வோர் அலுமினியத்துக்கும் ஆறு வேண்டும். நான்கு ஆறாக மாறி, பக்கத்தில் இருப்பவற்றோடு ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பங்குபோட்டுக்கொண்டு, அறுகோணத் தட்டாக அடுக்கப்பட வேண்டும். தட்டுக்கு மேல் தட்டு, நடுவே ஹைட்ரஜன் பிணைப்பு. இந்த மாற்றத்துக்கு வேண்டிய ஆற்றல் அதிகம் என்பதால் படிகத்தின் முகம் மணிக்குச் சில மைக்ரான் அளவே நகர்கிறது. பல சமயம் அதுவும் இல்லை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இப்படி மெதுவாக நடக்கிற வேலையைக் கெடுக்க மிகச் சிறிதளவு அந்நியப் பொருள் போதும். அது எப்படி என்று தெரிந்துகொள்ள, படிகம் எந்த இடத்தில் வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

1927-இல் கீல் பல்கலைக்கழகத்தின் வால்தர் கோசலும், அதே காலத்தில் சோஃபியாவில் இவான் ஸ்ட்ரான்ஸ்கியும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஸ்ட்ரான்ஸ்கி பின்னாளில் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். படிக முகம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதன் மேல் ஓர் அணு உயரமே உள்ள படிகள் இருக்கின்றன. படியின் விளிம்பிலும் ஆங்காங்கே ஒடிவுகள் இருக்கின்றன. வந்து சேரும் துகள் சமதளத்தில் நின்றால் ஒரு பக்கப் பிடிப்புத்தான். படியின் ஓரத்தில் நின்றால் இரண்டு பக்கம். ஒடிவில் போய் உட்கார்ந்தால் மூன்று பக்கமும் பிடிப்பு. உட்கார்ந்தபின் அந்த ஒடிவு ஓரடி தள்ளி மறுபடி உண்டாகிறது. எனவே படிகம் வளர்வது அதன் முழுப் பரப்பிலும் அல்ல. மொத்தப் பரப்போடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமான அந்த ஒடிவுகளில்தான். சமதளத்தில் புதுப் படி எப்படித் தோன்றும் என்ற கேள்விக்கு 1949-இல் சார்ல்ஸ் ஃபிராங்க் விடை சொன்னார். படிகத்துக்குள் உள்ள திருகுப் பிசகு முகத்தை வெட்டும் இடத்தில் படி ஒருபோதும் தீராமல் சுருள்சுருளாகச் சுற்றி வளரும். ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தினர் கிப்சைட் படிகங்களை அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்தச் சுருள்களும் தட்டையான புதுத் தீவுகளும் தெரிந்தன.

மாசு செய்யும் கெடுதலின் இயல்பு இப்போது புரியும். கரைசல் முழுக்க அது நிறைந்திருக்க வேண்டியதில்லை. ஒடிவுகளில் போய் உட்கார்ந்தாலே போதும். 1958-இல் கப்ரேராவும் வெர்மில்யாவும் இதைக் கணக்காக்கினார்கள். முன்னேறிவரும் படியின் விளிம்பு, முகத்தில் ஒட்டியிருக்கும் இரண்டு மாசுகளுக்கு நடுவே வளைந்து நுழைய வேண்டியிருக்கிறது. வளைந்த விளிம்பில் இருக்கும் துகள்களுக்குப் பிடிப்புக் குறைவு. அவை கரைசலுக்கே திரும்பப் பார்க்கும். இரண்டு மாசுகளுக்கு இடைவெளி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போய்விட்டால் விளிம்பு நுழையவே முடியாது. வளர்ச்சி குறைவதில்லை, நின்றே போகிறது. அந்த எல்லை இடைவெளி அதிதெவிட்டு நிலையைப் பொறுத்தது. கரைசலில் மிகை அதிகமாக இருக்கும்போது படி எப்படியும் நெருக்கி நுழைந்துவிடும். மிகை குறைந்த இடத்தில் மாசின் கை ஓங்கும். முதல் தொட்டியில் பொறுத்துக்கொள்ளப்பட்ட அதே மாசு, வரிசையின் கடைசித் தொட்டிகளில், கடைசிச் சில கிராமை எடுக்கப் பாடுபடும் இடத்தில், வழியை அடைத்துவிடுகிறது.

மாசு வேகத்தை மட்டும் மாற்றுவதில்லை, உருவத்தையும் மாற்றும். 1783-இல் பிரெஞ்சு அறிஞர் ரோமே தெ லீல், சாதாரண உப்பு கனசதுரமாகப் படிகமாகும் என்றாலும் சிறுநீர் கலந்த கரைசலில் எண்முகியாகப் படிகிறது என்று எழுதினார். காரணம் யூரியா என்பது பின்னர் தெரிந்தது. எந்த முகத்தில் மாசு ஒட்டுகிறதோ அந்த முகம் மெதுவாக வளரும். மெதுவாக வளரும் முகமே கடைசியில் பெரிதாக நிலைத்து நிற்கும்.

நம் பனைத்தொழிலாளிகள் இதே சிக்கலைச் சுண்ணாம்பால் தீர்த்துவந்திருக்கிறார்கள். பனங்கற்கண்டு எடுக்கப் பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் பதநீர் புளிக்கத் தொடங்கும். அதிலுள்ள சர்க்கரை உடைந்து குளுக்கோசும் ஃபிரக்டோசும் ஆகும். அந்தப் பாகில் எத்தனை நாள் நூல் கட்டித் தொங்கவிட்டாலும் கற்கண்டு சரியாகப் பிடிக்காது, பிசுபிசுப்பாகவே கிடக்கும். இரண்டும் சர்க்கரைகள்தாம். ஆனால் கற்கண்டுப் படிகத்துக்கு உறவுக்காரர்களான இவை முகத்தில் வந்து ஒட்டி, அதன் அடுக்கில் முழுமையாகப் பொருந்தாமல் வழியை மறிக்கின்றன. பாகின் தன்மையையும் மாற்றிவிடுகின்றன. கொஞ்சம் ஒத்துப்போவதும் முழுக்க ஒத்துப்போகாததும் ஆன மாசுதான் படிகத்துக்கு அதிகக் கேடு.

அலுமினாத் தொட்டியிலும் இதே குடும்பம்தான் வில்லன். சர்க்கரை வழிவந்த சேர்மங்கள் கிப்சைட்டின் வளர்ச்சியை முடக்குவதில் பேர்போனவை. சோடியம் குளுக்கோனேட் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக இருந்தாலே ஆய்வகத்தில் படிவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அடுத்தடுத்த கார்பன்களில் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதால், அவை படிக முகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் அலுமினியத்தை இரண்டு மூன்று இடங்களில் கவ்விக்கொள்ள முடிகிறது. என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்: அணுக்களின் வகையும் எண்ணிக்கையும் மாறாமல், ஹைட்ராக்சில்கள் நோக்கும் திசை மட்டும் மாறினாலே ஒரு சேர்மம் கடும் விஷமாகவும் இன்னொன்று பெரிதாகத் தீங்கில்லாததாகவும் நடந்துகொள்கிறது. அளவைவிடப் பொருத்தம்தான் இங்கே பேசுகிறது.

தொழிற்சாலைக்குள் இவை எங்கிருந்து வந்தன? வெளியிலிருந்து யாரும் கொட்டவில்லை. பாக்சைட் என்பது வெப்பமண்டல மழையில் நெடுங்காலம் அரித்து எஞ்சிய மண். குன்றுகளின் உச்சியில், புல்லுக்கும் மரத்துக்கும் கீழே கிடக்கிறது. வேர் இறங்கிய இடம், இலை மட்கிய இடம். இப்படிப்பட்ட பாக்சைட்டில் கரிமப் பொருளாக உள்ள கார்பன் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 விழுக்காடு. ஷ்டாடே அளவு ஆலைக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் பாக்சைட் வேண்டும். 0.1 விழுக்காடு என்று வைத்தாலே 2,000 டன் கார்பன். அதில் கணிசமான பங்கு எரிசோடாவில் கரைந்துவிடுகிறது. மட்கிய பொருளிலுள்ள ஹியூமிக் அமிலங்கள் காரத்தில் நன்றாகக் கரையும். மண்ணிலிருந்து அவற்றைப் பிரிக்க ஆய்வகத்தில் பயன்படுத்துவதும் காரம்தான்.

கரைந்த பின் வெளியேற வழியில்லை. பாயர் முறையில் கரைசல் மூடிய வட்டத்தில் சுற்றுகிறது. பாக்சைட்டைக் கரைத்து, படிகத்தைத் தந்து, ஆவியாக்கிச் செறிவேற்றப்பட்டு, மறுபடி பாக்சைட்டைக் கரைக்கப் போகிறது. எரிசோடா விலை உயர்ந்தது, கொட்டிவிட முடியாது. ஆகவே உள்ளே வந்த மாசு ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். பாக்சைட்டில் கரையாமல் மிஞ்சும் சிவப்புச் சேற்றோடும் படிகத்தோடும் ஒட்டி வெளியேறும் அளவு, உள்ளே வரும் அளவுக்குச் சமமாகும் வரை அது ஏறும். புதிய ஆலை தொடங்கிய முதல் மாதங்களில் படிகம் அழகாக வளரும். சில ஆண்டுகளில் கரைசல் கருங்காபி நிறத்துக்கு வந்திருக்கும். ஒரு காலத்தில் ஆலைகளே இதற்குத் துணைபோயின. சிவப்புச் சேற்றை விரைவாகக் கீழே படிய வைக்க மாவுச்சத்தைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. மாவுச்சத்து குளுக்கோசின் சங்கிலி. அதுவும் சூடான காரத்தில் சிதைந்து கரைசலோடு சேர்ந்தது. செயற்கைப் பல்லுறுப்பிகள் வந்த பிறகே அந்தப் பழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது.

இங்கே ஜெர்மானிய முறைக்கென ஒரு தனித்தன்மை உண்டு. ஜெர்மனியில் ஹெஸ்ஸே மாநிலத்து ஃபோகல்ஸ்பர்க் மலையில் கிடைத்த கொஞ்சத்தைத் தவிரப் பெரிய பாக்சைட் வளம் இல்லை. ஹங்கேரி, யூகோஸ்லாவியா, கிரீஸ் போன்ற நாடுகளின் பாக்சைட்டை நம்பியிருந்தார்கள். அவற்றில் அலுமினியம் போமைட், டயஸ்போர் என்ற கெட்டியான கனிமங்களாக இருக்கும். அவற்றைக் கரைக்க அதிகச் சூடு தேவை. ஃபெராய்னிக்டே அலுமினியம் வெர்கே என்ற நிறுவனம் லூனென் நகரில் 1960-களில் குழாய்க் கரைப்பு முறையை உருவாக்கியது. பெரிய கலத்தில் வைத்துச் சூடேற்றாமல், பாக்சைட் குழம்பை நீண்ட குழாய்களுக்குள் விரைவாக ஓடவிட்டு, கடைசிக் கட்டத்தில் உருகிய உப்பின் சூட்டால் 270 டிகிரியை எட்டச் செய்வார்கள். ஷ்டாடே இந்த முறையில்தான் கட்டப்பட்டது. இவ்வளவு சூட்டில் ஹியூமிக் அமிலத்தின் பெரிய மூலக்கூறுகள் உடைந்து சிறியவை ஆகின்றன. கடைசியில் மிஞ்சுபவை ஃபார்மேட், அசிடேட், கார்பனேட், ஆக்சலேட். பெரிய மூலக்கூறுகள் குறைவது நல்லதுதான். ஆனால் ஆக்சலேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஆக்சாலிக் அமிலத்தை உயிரினப் பொருள் எதுவும் இல்லாமல் ஆய்வகத்தில் முதலில் உண்டாக்கியவர் ஃபிரீட்ரிஷ் வோலர், 1824-இல். மூன்றாண்டு கழித்து, 1827-இல், பெர்லினில் அலுமினியத்தைச் சாம்பல்நிறத் தூளாகப் பிரித்தவரும் அவரே. அடுத்த ஆண்டு யூரியாவையும் உண்டாக்கினார். அலுமினாத் தொழிலின் உயிர்ப்பொருளும் அதன் ஓயாத தலைவலியும் ஒரே மனிதரின் கையில் மூன்றாண்டு இடைவெளியில் உருவாயின என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

சோடியம் ஆக்சலேட் வெந்நீரில் எளிதில் கரையும். செறிந்த எரிசோடாவில் கரைவது மிகக் குறைவு. தொட்டி வரிசையில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. கரைசல் ஆறுகிறது. அலுமினியம் படிகமாகப் பிரியப் பிரிய, அதோடு பிணைந்திருந்த காரம் விடுபட்டுத் தனிக்காரம் கூடுகிறது. இரண்டுமே ஆக்சலேட்டின் கரைதிறனைக் குறைப்பவை. ஒரு கட்டத்தில் ஆக்சலேட்டும் படிகமாகிவிடுகிறது, மெல்லிய ஊசிகளாக. அவை கிப்சைட் வித்துகளின் மேல் படர்ந்து முகத்தை மறைக்கின்றன. வித்துகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகும் வேலை தடைப்படுகிறது. ஊசியின் பரப்பே புதிய, மிக நுண்ணிய கிப்சைட் படிகங்கள் பிறக்கும் இடமாகவும் ஆகிவிடுகிறது. பெரிய மணிகள் வேண்டிய இடத்தில் கோடிக்கணக்கான பொடிகள். ஊசியை உள்ளே வைத்து வளர்ந்த மணியைப் பின்னர் அலுமினாவாக்க உலையில் சுடும்போது ஆக்சலேட் சிதைந்துபோக, அந்த இடத்தில் சோடாவும் வெற்றிடமும் மிஞ்சும். மணி எளிதில் உடைந்துபோகும்.

ஆக்சலேட் கதையில் விந்தையான திருப்பம் ஒன்று இருக்கிறது. ஹியூமிக் பொருள்கள் கிப்சைட்டை மட்டும் முடக்குவதில்லை. ஆக்சலேட் ஊசிகளின் முகத்திலும் ஒட்டி அவற்றையும் வளரவிடாமல் தடுக்கின்றன. எனவே ஹியூமிக் நிறைந்த கரைசலில் ஆக்சலேட் தன் கரைதிறனைத் தாண்டியும் படியாமல் கரைந்தே கிடக்கும். நல்லது செய்வதாக நினைத்து ஹியூமிக்கை மட்டும் அகற்றினால், அதுவரை அடங்கியிருந்த ஆக்சலேட் ஒரே மூச்சில் கொட்டும்; தொட்டி முழுக்கப் பொடி. ஒரு மாசுக்கு இன்னொரு மாசு காவல். இதைப் பயன்படுத்திக்கொண்டு, ஆக்சலேட்டைப் படியவிடாமல் நிறுத்திவைக்கும் சேர்ப்புப் பொருள்களை ஆலைகள் வேண்டுமென்றே சேர்ப்பதும் உண்டு. இதற்கு நேர்மாறாக, கரைசலின் ஒரு பகுதியைத் தனியே எடுத்து, அங்கேயே ஆக்சலேட்டைப் படியவைத்து அகற்றும் ஆலைகளும் இருக்கின்றன. எது சரி என்பது பாக்சைட்டைப் பொறுத்தது.

மணி சிறுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். 1970-கள் வரை ஐரோப்பிய ஆலைகள் அப்படித்தான் நினைத்தன. அவர்கள் விற்றது மாவு போன்ற அலுமினா. அமெரிக்க ஆலைகள் செய்தது மணல் போன்றது. பின்னர் அலுமினாவை வாங்கும் உருக்காலைகள் மாறின. மின்பகுப்புக் கலங்களிலிருந்து எழும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு நச்சுப்புகையைப் புதிய அலுமினாவின் ஊடே செலுத்தி உறிஞ்சவைக்கும் முறை பரவியது. அதற்கு உட்பரப்பு மிகுந்த, பறக்காத, தடையில்லாமல் ஓடும் மணிகள் தேவை. 45 மைக்ரானுக்குக் கீழே உள்ள பொடி பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வாங்குவோர் கேட்கத் தொடங்கினார்கள். லூர்கி நிறுவனமும் லூனென் ஆலையும் சேர்ந்து 1970-இல் இயக்கிய பாய்மப்படுக்கைச் சுடுகலனில் மணிகள் காற்றோட்டத்தில் மிதந்தபடியே வேகின்றன. உறுதியில்லாத மணி அதில் தூளாகிவிடும். ஐரோப்பிய ஆலைகள் மாவிலிருந்து மணலுக்கு மாற வேண்டியதாயிற்று. மாறும்போதுதான் கரிம மாசு எவ்வளவு பெரிய தடை என்பது உறைத்தது. மாவு செய்பவருக்கு ஆக்சலேட் சில்லறைத் தொந்தரவு. மணல் செய்பவருக்கு அது பிழைப்பைப் பாதிக்கும் விஷயம்.

மற்ற மாசுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். சிலிக்கா சோடாவையும் அலுமினாவையும் பிடித்துக்கொண்டு சோடலைட் போன்ற கனிமமாகிக் குழாய்களில் அடையாகப் படியும். அதைச் சேற்றோடு முன்கூட்டியே வெளியேற்றாவிட்டால் நட்டம். இரும்பு, வளர்ச்சியைப் பெரிதாகத் தடுப்பதைவிட, படிகத்துக்குள் புகுந்து பின்னர் உலோகத்தின் தூய்மையைக் கெடுக்கும். சோடியமோ கரைசலின் சொந்தக்காரர். வேகமாக வளரும் படிகத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் விளைச்சலுக்கு அவசரப்பட்டுச் சூட்டைக் குறைத்தால் தூய்மையும் போகிறது, மணியின் அளவும் போகிறது.

காலியம் மட்டும் வேறு கதை. தனிம அட்டவணையில் அலுமினியத்துக்குக் கீழே ஒரு தனிமம் இருக்க வேண்டும் என்று மெண்டலீவ் 1871-இல் கணித்தார். 1875-இல் அது கிடைத்தது. குணத்தில் அலுமினியத்தை ஒத்திருப்பதால் பாக்சைட்டோடு வந்து காரத்தில் கரையும். ஆனால் பெரும்பகுதி படிகத்துக்குள் போகாமல் கரைசலிலேயே தங்கி, லிட்டருக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் சேரும். ஷ்டாடேயில் இங்கால் என்ற நிறுவனம் அந்தக் கரைசலிலிருந்து காலியத்தைப் பிரித்து, குறைக்கடத்தித் தொழிலுக்கு விற்றுவந்தது. விலைச் சரிவால் 2016-இல் உற்பத்தி நின்றது. 2023 ஆகஸ்டில் சீனா காலியம் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியபோது, அந்த மூடலின் விலை ஐரோப்பாவுக்குப் புரிந்தது. மாசு என்று ஒதுக்கப்பட்டதை அந்த ஏழாண்டுகளும் எடுத்து வைத்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

கரிம மாசைக் களைய வழிகள் உண்டு, எதுவும் மலிவில்லை. மிகப் பரவலானது வித்தைக் கழுவுவது. வரிசையின் கடைசியில் பிரித்தெடுக்கும் நுண்வித்தை வடிகட்டித் துணியின் மேல் மெத்தையாகப் படியவைத்து, வெந்நீர் தெளிப்பார்கள். ஆக்சலேட் ஊசிகள் கரைந்தோட, சுத்தமான முகங்களோடு வித்து தொட்டிக்குத் திரும்பும். கழுவிய நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் கால்சியம் ஆக்சலேட் அடியில் படிந்து, சோடா மீளும். கரைசலின் ஒரு பகுதியை வற்றவைத்து உலையில் எரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் குவினானாவில், 2024-இல் ஆலையின் உற்பத்தி நிறுத்தப்படும் வரை, ஆக்சலேட்டைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கே அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். எல்லா ஆலைக்கும் தேவை ஒன்றல்ல. கொலோன் அருகே பெர்க்ஹைமில் உள்ள மார்ட்டின்ஸ்வெர்க் ஆலை, உலோகத்துக்காக அல்லாமல், மின்கம்பிகளின் உறையில் தீத்தடுப்பானாகச் சேர்க்கும் நுண்ணிய ஹைட்ராக்சைடைச் செய்கிறது. சூடேறினால் தன் எடையில் ஏறக்குறைய 35 விழுக்காடு நீரை வெளியிட்டுத் தீயை அடக்குவது அதன் குணம். அங்கே மணி நுண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் படிகத்துக்குள் சோடா சிக்கினால் கம்பியின் காப்புத்தன்மை குறையும். ஒரே படிகம், எதிரெதிர்த் தேவை. இரண்டுக்கும் கரைசலில் என்ன கலந்திருக்கிறது என்பதே விடை.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965-இல் உற்பத்தியைத் தொடங்கி, ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட்டை இறக்கி, அலுமினாவும் அலுமினியமும் செய்தது. காடும் தோட்டமும் மூடிய மலைத்தலைகளின் மண் அது. உலோகம் உருக்கும் வேலை 2008-இல் நின்றது. இன்று நாட்டின் பெரிய அலுமினா ஆலைகளில் ஒன்று ஒடிசாவின் தாமன்ஜோடியில், பஞ்ச்பத்மாலி மலை பாக்சைட்டைக் கொண்டு இயங்குகிறது. அதில் அலுமினியம் பெரும்பாலும் கிப்சைட்டாகவே இருப்பதால் சாதாரண அழுத்தத்தில் சுமார் 105 டிகிரியே போதும். எரிபொருள் மிச்சம். ஆனால் ஷ்டாடேயின் 270 டிகிரியில் உடைந்துபோகும் பெரிய ஹியூமிக் மூலக்கூறுகள் அந்த இளஞ்சூட்டில் அதிகம் உடையாமல் தங்கும். அதே மட்கிய மண், இரண்டு ஆலைகளில் இரண்டு வகையான மாசு. அதனால் ஷ்டாடேக்குப் பொருந்திய தீர்வை அப்படியே தாமன்ஜோடிக்குக் கொண்டுபோக முடியாது.

ஆய்வகங்களில் பெரும்பாலான அளவீடுகள் தூய எரிசோடாவில் தூய அலுமினிய ஹைட்ராக்சைடைக் கரைத்துச் செய்யப்படுகின்றன. அந்தக் கரைசலில் கிடைக்கும் வேகம் ஆலைக் கரைசலில் கிடைக்காது. ஆகவே ஒவ்வோர் ஆலையின் ஆய்வகமும் தன் சொந்தக் கரைசலில் கொஞ்சம் எடுத்து, நன்றாகக் கழுவிய வித்தைப் போட்டு, ஒரே சூட்டில் வைத்து, தூய கரைசலில் படிந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஆலையின் மாசு உண்மையில் தின்னும் அளவு. அது லிட்டருக்கு நாலைந்து கிராம் என்றால்கூட, 10 லட்சம் டன் ஆலையில் ஆண்டுக்குப் பல்லாயிரம் டன். வித்தைக் கழுவப் போதிய வெந்நீர் ஒதுக்குவதா, கரைசலை எரிக்க உலை கட்டுவதா, வேறு குன்றின் பாக்சைட்டைக் கலப்பதா என்ற முடிவுகளை அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் எடுக்க முடியும்.